நடக்கத் தொடங்குமுன் சாக்குகளைச் சரிபார்த்தல்: நெல்லைச் சீமையின் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உடற்பயிற்சி உடம்புக்கு நல்லது என்பதை நெல்லைச் சீமையில் யாருக்கும் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவர் சொல்லியிருப்பார், வெளியூரில் வேலை பார்க்கும் மகள் அலைபேசியில் சொல்லியிருப்பாள், தெருவில் ஒருவருக்கு மாரடைப்பு வந்த வாரத்தில் டீக்கடை பெஞ்சே அதைப் பற்றித்தான் பேசியிருக்கும். இவ்வளவு சொல்லியும் நடப்பவர்கள் சிலரே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் நடத்தி, 2014இல் முடிவுகள் வெளியான ஆய்வில், பெரியவர்களில் ஏறத்தாழ 54 விழுக்காட்டினர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள் என்று தெரியவந்தது. ஓய்வு நேரத்தில் விளையாட்டாகவோ பயிற்சியாகவோ உடலை அசைப்பவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை.

ஆகவே பயிற்சியின் நன்மைகளைப் பட்டியலிடுவது இக்கட்டுரையின் வேலை அன்று. தொடங்கவிடாமல் தடுக்கும் சாக்குகளையும் தவறான எண்ணங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, எதை எப்படிக் கடப்பது என்று சொல்வதே இதன் நோக்கம். பெரும்பாலான சாக்குகளில் ஒரு பங்கு உண்மை இருக்கத்தான் செய்கிறது. அந்த உண்மையை ஒப்புக்கொண்டு அதற்கேற்ப ஏற்பாட்டை மாற்றிக்கொள்வதே வழி என்பது என் கருத்து. மன உறுதி போதாது என்று ஒருவரைக் கடிந்துகொண்டதால் அவர் மறுநாள் காலையில் எழுந்து நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

முதல் படி: சாக்கை வாயில் வரும்படியே எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, நீங்கள் ஏன் இதுவரை தொடங்கவில்லை என்பதை, வீட்டில் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே எழுதுங்கள். "காலையில ஆயிரம் சோலி கெடக்கு", "முட்டு வலிக்கி", "இந்த வயசுல போயி கையையும் காலையும் ஆட்டிக்கிட்டு நின்னா நாலு பேரு என்ன நினைப்பாவ", "நாம பாக்காத வேலையா" என்று எது வந்தாலும் சரி. நல்ல தமிழில் திருத்தி எழுதினால் காரணமும் திருத்தமாகி, உண்மையான தடை மறைந்துவிடும்.

எழுதிய பிறகு, ஒவ்வொன்றும் உடல்நிலையைப் பற்றியதா, நேரம் இடம் முதலான ஏற்பாட்டைப் பற்றியதா, அல்லது எங்கோ கேட்டு நம்பிக்கொண்ட ஒன்றா என்று பிரித்துப் பாருங்கள். உடல்நிலை பற்றியதென்றால் அடுத்த படியிலிருந்து தொடங்க வேண்டும். ஏற்பாடு பற்றியதென்றால் அது உங்கள் கையில் இருக்கிறது. கேட்டு நம்பியதென்றால் விவரம் தெரிந்தாலே பாதி விலகிவிடும்.

இரண்டாம் படி: மருத்துவரைப் பார்க்க வேண்டியவர் யார், வேண்டாதவர் யார்

நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ வலியோ வருபவர்கள், மாடி ஏறும்போது வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்குபவர்கள், தலைசுற்றி விழுந்திருப்பவர்கள், இதய நோய்க்கு மருந்து உண்பவர்கள், ரத்த அழுத்தத்தின் மேல் எண் 180ஐத் தொடுபவர்கள், சர்க்கரை நோயால் காலில் புண்ணோ மரத்துப்போன உணர்வோ உள்ளவர்கள் ஆகியோர் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். கருவுற்றிருக்கும் பெண்கள், சிக்கல் எதுவும் இல்லையெனில், மிதமாக நடப்பது நல்லதே. ஆயினும் தம் மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்வது முறை.

இந்த வகையில் சேராதவர்கள் மெதுவான நடையைத் தொடங்க எந்தப் பரிசோதனைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. "ஒரு முழு செக்கப் முடிச்சிட்டு ஆரம்பிக்கேன்" என்பது மாதக்கணக்கில் நீளக்கூடிய சாக்கு. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் தெரிந்திருந்தால் போதும். அவற்றை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து அளந்து பார்ப்பதும், தேவைப்படுவோருக்கு இயன்முறைச் சிகிச்சை கொடுப்பதும் உண்டு. உங்கள் தெருவுக்கு அவர்கள் எந்த நாளில் வருகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: "நாம பாக்காத வேலையா?"

நம் பக்கத்தில் எல்லாவற்றையும்விட அதிகமாகக் கேட்கும் சாக்கு இது. எளிதில் தள்ளிவிட முடியாததும் இதுவே. நாற்று நடுபவர், மூட்டை தூக்குபவர், பனை ஏறுபவர், கொத்தனாருக்குச் சித்தாளாகச் சுமப்பவர் ஆகியோருக்கு இக்கட்டுரை பெரும்பாலும் பொருந்தாது. அவர்கள் உடலுக்குத் தேவை ஓய்வும் நல்ல உணவும்தான். அவர்களிடம் போய் "காலையில் நடங்கள்" என்று சொல்வது விவரமில்லாத பேச்சு.

ஆனால் களைப்பும் உடலியக்கமும் ஒன்றல்ல. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் வீரவநல்லூரிலும் பீடி சுற்றும் பெண்கள் காலையில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், இலையை வெட்டுவதும், தூளை வைத்துச் சுருட்டுவதும், முனையை மடக்கி நூல் சுற்றுவதுமாகப் பொழுது போய்விடும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி இருக்கும்போது எழுந்து நடமாடுவது கூலியைக் குறைத்துக்கொள்வதாகவே தோன்றும். மாலையில் கழுத்தும் தோளும் விரல்களும் வலியால் துடிக்கும். அந்தக் களைப்பு முழுக்க உண்மை. ஆனால் அந்த நாள் முழுவதும் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் தொடைத் தசைக்கும் வேலையே இருந்திருக்காது. கடைக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கும், வங்கி ஊழியருக்கும், ஆட்டோ ஓட்டுநருக்கும் இதே நிலைதான்.

இதை முதலில் தெளிவாகக் காட்டிய ஆய்வு பேருந்தில் நடந்தது. ஜெரிமி மாரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் லண்டன் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு, 1953இல் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டார்கள். நாள் முழுவதும் உட்கார்ந்தே இருக்கும் ஓட்டுநர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. வந்தாலும் கடுமை குறைந்திருந்தது. ஒரே பேருந்து, ஒரே சாலை, ஏறத்தாழ ஒரே வேலைநேரம். வேறுபாட்டுக்கு உடல் அசைவே முக்கியக் காரணம் என்று மாரிஸ் கருதினார்.

உங்கள் வேலை எந்த வகை என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. வேலை செய்யும்போது, தொடர்ந்து சில நிமிடங்களுக்காவது, பேச முடிந்தும் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்குகிறதா என்று கவனியுங்கள். வாங்கினால் அது மிதமான உடலியக்கம், கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். வீடு கூட்டித் துடைப்பதும், தண்ணீர்க் குடம் சுமப்பதும்கூட அந்த வேகத்தில் நடந்தால் கணக்கில் சேரும். மூச்சு வாங்கவே இல்லையென்றால், எவ்வளவு களைத்தாலும் அது உடற்பயிற்சிக்கு ஈடாகாது.

பீடி சுற்றுபவருக்கு நான் சொல்லக்கூடிய ஏற்பாடு இதுதான்: ஒவ்வொரு கட்டு முடிந்ததும் சுளகை இறக்கி வைத்துவிட்டு எழுந்து நின்று, சுவரைப் பிடித்தபடி குதிகால்களைப் பத்து முறை உயர்த்தி இறக்குங்கள்; தோள்களைப் பின்னோக்கி நான்கைந்து முறை சுழற்றுங்கள். அரை நிமிடத்துக்கு மேல் ஆகாது. இது நடைக்கு மாற்று ஆகாவிட்டாலும், தொடர்ந்து உட்கார்ந்திருப்பதை முறிக்கும். மாலையில் நடக்க எழும்போது கால் மரத்திருக்காது.

நான்காம் படி: நேரத்தைத் தேடாதீர்கள், ஏற்கெனவே இருப்பதோடு கட்டுங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கமும், வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். 150 நிமிடத்தை ஐந்து நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு அரைமணி. அதை ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்று முன்பு இருந்த நிபந்தனையையும் இந்த வழிகாட்டுதல் நீக்கிவிட்டது. ஆகவே தொடர்ச்சியாக அரைமணி கிடைக்காது என்பதால் ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்குக் காரணம் இல்லை.

தனியாக நேரம் ஒதுக்க முயல்பவர்கள் பெரும்பாலும் தோற்றுப்போகிறார்கள். பிள்ளையைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது நேர்வழியை விட்டு இரண்டு தெரு சுற்றி வருவது, ஜங்ஷனுக்குப் போகும்போது ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கிக்கொள்வது, பால் வாங்க வண்டியை எடுக்காமல் இருப்பது என்று, எப்படியும் நடக்கப்போகிற ஒன்றோடு நடையைக் கட்டிவிட்டால் நினைவூட்டல் தேவைப்படாது. இரவு உணவுக்குப் பின் தெருவில் பத்து நிமிடம் நடப்பதையும் நான் பரிந்துரைப்பேன். உணவுக்குப் பிந்தைய நடை ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதைக் குறைக்கிறது என்பதால், சர்க்கரை உள்ளவர்களுக்கு அது இரட்டிப்புப் பயன். உண்டதும் வேகமாக ஓடக்கூடாது என்பது சரி. மெல்ல நடப்பதற்குத் தடை ஏதும் இல்லை.

வீட்டில் பெண்களுக்கு நேரமில்லை என்ற சாக்கைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பல வீடுகளில் அது சாக்கே அன்று. காலை ஐந்தரை மணி முதல் எட்டரை மணி வரை அடுப்படியில் ஒருவர் மட்டும் நின்றால் அவருக்கு நேரம் எங்கிருந்து வரும்? அங்கே மாற வேண்டியது அந்தப் பெண்ணின் மன உறுதி அன்று, வீட்டில் மற்றவர்கள் செய்யும் வேலையின் பங்கு. வாரத்தில் மூன்று நாள் காலைக் காபியையும் குழந்தையின் தலைவாரலையும் வீட்டிலுள்ள ஆண் ஏற்றுக்கொண்டால் அரைமணி கிடைத்துவிடும்.

ஐந்தாம் படி: இடம், வெயில், நாய், நாலு பேர்

பாளையங்கோட்டையில் இருப்பவர்களுக்கு வ.உ.சி. மைதானமும் அண்ணா விளையாட்டரங்கமும் இருக்கின்றன. டவுணில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு ரத வீதிகளும், கடைகள் திறப்பதற்கு முன், சமதளமான நல்ல நடைபாதைகள். வழி தவற முடியாது, எந்த இடத்திலிருந்தும் வீடு திரும்பலாம். கிராமங்களில் குளக்கரை இருக்கிறது. ஆனால் மழைக்காலத்தில் விடிவதற்கு முன் கையில் டார்ச் இல்லாமல் கரையில் நடக்க வேண்டாம், பாம்பு நடமாட்டம் இருக்கும். 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளைத் தொடங்கியது; நல்ல முயற்சிதான், ஆனால் புதிதாகத் தொடங்குபவர் முதல் நாளே எட்டு கிலோமீட்டரையும் நடந்து, அடுத்த பத்து நாள் படுத்துவிடக் கூடாது.

பூங்காக்களில் இருக்கும் எட்டு வடிவப் பாதையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அதில் நடப்பதும் நடைதான், தீங்கு இல்லை. ஆனால் சிறிய எட்டில் திரும்பிக்கொண்டே இருப்பதால் வேகம் எடுக்க முடியாது. மூச்சு வாங்கும் அளவு நடக்க நேரான பாதையே வசதி.

வெயில் என்ற சாக்கு சித்திரை, வைகாசியில் முழு உண்மை. அந்த மாதங்களில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும், அல்லது மாலை ஆறுக்கு மேல் தொடங்க வேண்டும். கிளம்பும் முன் ஒரு தம்ளர் தண்ணீர் குடியுங்கள். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வந்தால் உடனே நிழலில் உட்கார வேண்டும். வெயிலில் பழக உடம்புக்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். ஆனி முதல் ஆவணி வரை செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று பலமாக அடிக்கும். அம்பாசமுத்திரம் பக்கத்தில் சாரலும் இருக்கும். தொடங்குவதற்கு ஆண்டிலேயே நல்ல பருவம் அதுதான் என்பேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுக்குள்ளேயே செய்யும் பயிற்சிகளை வைத்துக்கொள்ளலாம். அவை கீழே உள்ளன.

தெருநாய்ப் பயத்தைச் சாக்கு என்று சொல்ல நான் தயாரில்லை. இருவராகச் செல்லுங்கள், கையில் ஒரு கம்பு வைத்துக்கொள்ளுங்கள், நாய் குரைத்தால் ஓடாமல் நின்று மெல்ல விலகுங்கள். கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது நாலு பேர். நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் சுடிதாரும் கேன்வாஸ் ஷூவுமாகத் தெருவில் இறங்கினால், வாசல் தெளித்துக்கொண்டிருப்பவர் கையில் வாளியோடு நிமிர்ந்து, "என்ன மதினி, காலங்காத்தால எங்க கிளம்பிட்டிய?" என்று கேட்கத்தான் செய்வார். பெரும்பாலும் அதில் ஏளனம் இல்லை. நம் ஊரில் எதிரே வருபவரிடம் எதையாவது கேட்பது பழக்கம். "டாக்டரு நடக்கச் சொல்லியிருக்காரு" என்ற ஒரு வரி போதும். மருத்துவர் சொன்னதை நம் தெருக்களில் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. ஒரு வாரத்தில் கேள்வி நின்றுவிடும். சில தெருக்களில் கேட்டவரே, "நாளைக்கி என்னையும் கூப்பிடுங்க" என்பார். அவரை விட்டுவிடாதீர்கள், ஏனெனில் துணையோடு நடப்பவர் தனியாக நடப்பவரைவிட எளிதில் நிறுத்துவதில்லை.

உடை தடையாக வேண்டியதில்லை. சேலையைச் சற்று ஏற்றிக் கட்டி நடக்கலாம், சாரம் உடுத்தியும் நடக்கலாம். காலணியில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ரப்பர்ச் செருப்பு வேக நடைக்கு ஆகாது. விரல்கள் அதைப் பிடித்துக்கொள்ளப் பாடுபட்டுக் கெண்டைக்கால் வலிக்கும். குதிகாலைப் பின்னால் வார் கொண்டு பிடிக்கும் செருப்பாவது வேண்டும். வெறுங்காலில் நடப்பது நல்லது என்று கேட்டு, சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதைப் பின்பற்றுவது ஆபத்து: முள்ளோ கண்ணாடியோ குத்தியது தெரியாமலே புண் ஆழமாகிவிடும்.

ஆறாம் படி: முட்டு, வயது, சர்க்கரை

முட்டு வலிக்கு ஓய்வுதான் மருந்து என்பது, நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டு மிகுந்த கெடுதல் செய்யும் எண்ணங்களில் ஒன்று. முழங்காலைத் தாங்குவது எலும்பு மட்டும் அன்று; தொடையின் முன்தசையும் சேர்ந்தே தாங்குகிறது. வலிக்கிறதென்று அசையாமல் இருந்தால் அந்தத் தசை மெலியும், சுமை முழுவதும் மூட்டிலேயே இறங்கும், வலி கூடும். மூட்டுத் தேய்மானத்துக்கு உலகெங்கும் மருத்துவ வழிகாட்டுதல்கள் முதல் வரிசையில் சொல்லும் சிகிச்சைகளுள் உடற்பயிற்சியும் ஒன்று. வீக்கமும் சூடும் இருக்கும் நாட்களிலும், அடிபட்ட புதிதிலும் மட்டுமே ஓய்வு.

நாற்காலிப் பயிற்சியை இப்படிச் செய்யுங்கள். கைப்பிடி இல்லாத, அசையாத நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, இருக்கையின் முன்பாதியில் உட்காருங்கள். பாதங்கள் இரண்டும் இடுப்பகலத்துக்கு விலகித் தரையில் முழுமையாகப் பதிந்திருக்க வேண்டும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, உடம்பைச் சற்று முன்னே சாய்த்து, மூச்சை வெளியே விட்டபடி எழுந்து நில்லுங்கள். பிறகு தொப்பென்று விழாமல், மூன்று எண்ணும் நேரம் எடுத்துக்கொண்டு பைய உட்காருங்கள். பலன் பெரும்பாலும் அந்த இறங்குதலில்தான் இருக்கிறது. கையை ஊன்றாமல் எழ முடியவில்லையென்றால் தொடையில் ஊன்றிக்கொள்ளலாம், அல்லது நாற்காலியில் ஒரு தலையணையை வைத்து உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ஐந்து முறையில் தொடங்கி, சில வாரங்களில் பத்துக்குக் கொண்டு போங்கள். செய்யும்போது சிறிது வலி இருந்து மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் பரவாயில்லை. மறுநாள் கூடியிருந்தால் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.

வயதாகிவிட்டது என்பவர்களுக்கு 1990இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆய்வு ஒன்றை நினைவூட்டலாம். முதியோர் இல்லத்தில் இருந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் தசை வலுப் பயிற்சி கொடுத்தபோது, முடித்தவர்களின் தொடை வலிமை சராசரியாக இருமடங்குக்கும் மேலாக உயர்ந்தது. அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது உடலின் சமநிலையைப் பழக்கும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சுவரருகே நின்று, தேவைப்பட்டால் விரல் நுனியால் தொட்டுக்கொண்டு, ஒரு காலில் பத்து நொடி நிற்பதே போதும். ஆச்சிகள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவதைத் தடுக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை உண்பவர்களும் நடக்கப் போகும்போது சட்டைப்பையில் மிட்டாயோ வெல்லத் துண்டோ வைத்துக்கொள்ள வேண்டும். நடைக்கு முன் அளவு 100க்குக் கீழே இருந்தால் ஏதாவது சிறிது உண்டுவிட்டுக் கிளம்புங்கள். வெறும் வயிற்றில் நடந்தால்தான் பலன் என்ற எண்ணம் இவர்களுக்கு ஆபத்தானது. மற்றவர்களுக்கும் அது கட்டாயம் இல்லை.

ஏழாம் படி: கேட்டு நம்பியவற்றைக் கழித்தல்

வியர்வை கொழுப்பு அன்று. நம் ஊர் மே மாதத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாலே வியர்க்கிறது. வியர்த்துக் குறைந்த எடை ஒரு சொம்புத் தண்ணீரில் திரும்பி வந்துவிடும். வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்து தொப்பையை மட்டும் கரைக்க முடியாது. கொழுப்பை எந்த இடத்திலிருந்து எடுப்பது என்று முடிவு செய்வது உடம்புதான். பயிற்சியை நிறுத்தினால் தசை கொழுப்பாக மாறிவிடும் என்பதும் தவறு. அவை இரண்டும் வெவ்வேறு திசுக்கள். மறுநாள் உடம்பு வலித்தால்தான் பலன் என்பதும் அப்படித்தான்.

பத்தாயிரம் அடிக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதை எட்ட முடியாமல் மனம் விட்டவர்கள் பலர். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி, மறு ஆண்டில் ஜப்பானிய நிறுவனம் ஒன்று அடிகளை எண்ணும் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது வைத்த விற்பனை எண் அது. எந்த ஆய்விலிருந்தும் வந்ததன்று. அமெரிக்காவில் சராசரியாக 72 வயதான பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு ஐ-மின் லீ குழுவினர் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதம் 41 விழுக்காடு குறைவாக இருந்தது. ஏறத்தாழ 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை. இளையவர்களுக்கு இந்த எண் சற்றுக் கூடலாம். எப்படியானாலும், இப்போது இரண்டாயிரம் அடி நடப்பவர் நாலாயிரத்துக்கு நகர்வதில்தான் பெரிய இலாபம் இருக்கிறது.

எடை குறையவில்லை என்று இரண்டாம் மாதத்தில் நிறுத்துபவர்களுக்கு: எடைக் குறைப்பில் பெரும்பங்கு உணவுக்கு உரியது. அரைமணி வேகமாக நடந்தால் செலவாகும் ஆற்றல் 120 முதல் 150 கலோரி அளவுதான்; நடை முடிந்து டவுணில் நூறு கிராம் அல்வா வாங்கித் தின்றால் அதைவிட மிக அதிகமாக உள்ளே போய்விடும். (அல்வாவைக் கைவிடச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை, நடையின் கூலியாக அதை வைத்துக்கொள்ள வேண்டாம் என்றே சொல்கிறேன்.) எடை நகராவிட்டாலும் ரத்த அழுத்தமும், சர்க்கரையும், தூக்கமும் சீராகின்றன. எடைக் கருவி இவற்றைக் காட்டாது.

ஜிம்முக்குப் போனால்தான் உடற்பயிற்சி, போனால் புரதப் பொடி குடித்தாக வேண்டும் என்பதற்கெல்லாம் தொடக்க நிலையில் பதில் தேவையில்லை. நாற்காலியும் சுவரும் இல்லாத வீடு இல்லை.

எட்டாம் படி: முதல் எட்டு வாரம்

முதல் இரண்டு வாரம் நாளுக்குப் பத்து நிமிடம், வாரத்தில் ஐந்து நாள், விரும்பிய வேகத்தில். இது மிகக் குறைவு என்று தோன்றும், தோன்றட்டும். இந்த நாட்களின் நோக்கம் உடம்பைப் பழக்குவதைவிட அந்த நேரத்துக்கு வீட்டைவிட்டு வெளியே வருவதைப் பழக்குவதே. மூன்றாம் வாரத்திலிருந்து பதினைந்து நிமிடம். முதல் மூன்று நிமிடம் மெல்ல நடந்துவிட்டு, பேச முடிந்தும் பாட முடியாத வேகத்துக்கு வாருங்கள், கடைசி இரண்டு நிமிடம் மீண்டும் மெதுவாக. ஐந்தாம் வாரத்தில் இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆக்குங்கள். கூடவே வாரத்தில் இரண்டு நாள் நாற்காலிப் பயிற்சியையும், சுவரிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி நின்று உள்ளங்கைகளைச் சுவரில் பதித்து முழங்கையை மடக்கி நீட்டுவதையும், குதிகால் உயர்த்துவதையும் பத்துப் பத்து முறை சேர்த்துக்கொள்ளுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு செய்யக்கூடாது. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது முக்கியம். ஏழு, எட்டாம் வாரங்களில் நடை அரைமணியை எட்டும்.

இருபத்தொரு நாளில் பழக்கமாகிவிடும் என்று சொல்வார்கள். அதை நம்பி இருபத்திரண்டாம் நாளும் எழச் சோம்பலாக இருப்பதைக் கண்டு வருந்த வேண்டாம். லண்டனில் 96 பேரை வைத்து நடந்து 2010இல் வெளியான ஆய்வில், ஒரு செயல் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதுமாக இருக்க, சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் குலைந்துவிடவில்லை என்பதும் அதே ஆய்வில் கண்டதே.

விட்டுப்போனால்

விட்டுப்போகத்தான் செய்யும். ஊர்க் கொடை வரும், தொடர்ச்சியாக மூன்று முகூர்த்தம் வரும், ஆனித் தேரோட்டத்துக்குச் சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். (தேர்வடம் பிடித்து ரத வீதி சுற்றிய நாளைப் பயிற்சி நாளாகவே எழுதிக்கொள்ளலாம்.) அத்தகைய நாட்களில் முழு அளவையும் செய்ய முயன்று தோற்பதைவிட, ஐந்து நிமிடத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஒரு வாரம் விட்டிருந்தால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். இரண்டு, மூன்று வாரமென்றால் நேரத்தைப் பாதியாக்கித் தொடங்கி, இரண்டு வாரத்தில் பழைய அளவுக்கு வாருங்கள். அதற்கும் மேலென்றால் மூன்றாம் வாரத் திட்டத்திலிருந்து.

காய்ச்சல் இருக்கும்போது பயிற்சி வேண்டாம். விட்ட பிறகும் உடம்பு அசதியாக இருக்கும் வரை வீட்டுக்குள் நடமாடுவதே போதும். டெங்கு வந்து தேறியவர்கள் மருத்துவர் சரி என்று சொன்ன பிறகே வெளியில் நடக்க வேண்டும். சிக்குன்குனியா வந்தவர்களுக்கு மூட்டு வலி சில மாதங்கள் நீடிப்பதுண்டு. அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலை நீட்டி மடக்குவதில் தொடங்கி, காலையில் இருக்கும் விறைப்பு குறைந்த பிறகு, ஐந்து நிமிட நடையை மாலை நேரத்தில் வைத்துக்கொள்ளலாம்.